பார்லா அனுப்பிய ஆட்கள்

விண்டர்தூர்
8 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குர்தின் எழுதுகிறேன். நான், வ்ரேனி, பிள்ளைகள் இருவர், எல்லோரும் சளியும் இருமலுமாகச் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? தெர்னாவில் இந்த வருடம் பனி ஜன்னல் வரை ஏறிவிட்டதாமே, ரேடியோவில் சொன்னார்கள்.

போன ஞாயிறு மாமனாரைப் பார்க்க பெர்ன் வரை காரில் விரைவுச்சாலையில் போக வேண்டியதாயிற்று. வழி நெடுக இரண்டு பக்கமும் சத்தம் தடுக்கும் சுவர். நடுவில் ஓரிடத்தில் சாப்பிட்டோம். பிளாஸ்டிக் தட்டில் பிளாஸ்டிக் நிறத்தில் உருளைக்கிழங்கு வைத்தான். பரிமாறியவன் தரையைத் துடைத்துவிட்டு வந்து அதே கையால் எனக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தான். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இருபது வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டியும் ஒரு நாள்கூட அந்தச் சாலையில் சக்கரம் வைக்காதவள் நீ ஒருத்திதான்.

ஒரு உதவி வேண்டும். ஜூன் நடுவில் நானும் நண்பர்கள் மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் போகலாமென்றிருக்கிறோம். வடகடல் கரையில் புறப்பட்டு அத்ரியாட்டிக் கடலோரம் ட்ரியெஸ்ட் வரை. விரைவுச்சாலையை ஓர் அங்குலம்கூடத் தொடக் கூடாது. உன்னை விட்டால் இதற்கு வழி போட்டுத் தர ஆள் கிடையாது. நேரம் எடுத்துக்கொண்டு விவரமாக எழுது. எனக்கும் இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

உன் அன்புத் தம்பி,
குர்தின்


தெர்னா
22 பிப்ரவரி 1987

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முட்டி இருக்கிறது. வலியும் வாடகை தராமல் அதிலேயே குடியிருக்கிறது. வ்ரேனியின் இருமலுக்கு நேசா பைன் மொட்டுப் பாகு ஒரு புட்டி கொடுத்திருக்கிறாள். தனியே அனுப்புகிறேன். அவளுடைய விடுதியில் இந்தக் குளிரில் நானும் அவளுடைய பதினோரு மாடுகளும்தான் வாடிக்கை.

நேரம் நிறைய இருக்கிறதா? ஆலையில் நெசவு இயந்திரம் செய்வதை விட்டுவிட்டு எல்லோரும் சீட்டு விளையாடுகிறீர்களா?

சரி, வழிக்கு வருகிறேன். பதினெட்டு வருடமாக மலைப் பால்பண்ணைகளில் வாளியை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கெட்டுப்போனதை என் மூக்கு முதலில் சொல்லிவிடும். சாலையும் அப்படித்தான். மேப்பில் அழகான சாலை என்று பச்சைக் கரை போட்டிருப்பார்களே, அதை நம்பாதே. பச்சை போட்ட மறுநாளே அங்கே பேருந்து வந்துவிடும். மெல்லிய வெள்ளைக் கோடுகளைப் பார். எவனும் பெயர் வைக்காத கோடுகள். அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என் வித்தை.

கடலிலிருந்து ஆர்டென் காடு வரை கால்வாய்க் கரைகளைப் பிடித்து வா. மோசெல் ஆற்றில் பெரிய பாலத்தில் ஏறாதே. அது உன்னை நேராகக் கொண்டுபோய் விரைவுச்சாலையில் துப்பும். படகுத்துறையில் வண்டியை ஏற்றிக் கடந்துவிடு. வோழ் மலையில் முகட்டுச் சாலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் பேருந்துகள் ஆட்களை இறக்கும், அவர்கள் நடுச்சாலையில் நின்று கோட்டு மாட்டுவார்கள். ஜூரா மலையில் மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பிகள் மழையில் சோப்புப் போட்டது மாதிரி வழுக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் பல் டாக்டருக்கு நல்ல வருமானம்.

ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஆசைப்படாதே. நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் தொத்திறைச்சி வறுக்கிற புகை, கால் வைக்கிற இடமெல்லாம் எண்ணெய்க் காகிதம், ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் மூத்திர வாடை. அத்தனை அழகைக் கக்கூசாக்க மனிதனால்தான் முடியும். பக்கத்திலேயே உம்ப்ரைல் இருக்கிறது. பாதி மண் சாலை. மண் என்பதாலேயே சுத்தமாக இருக்கிறது. இத்தாலிக்குள் போனால் பன்னிரண்டரைக்கு முன் டாங்கை நிரப்பிவிடு. அப்புறம் மூன்று மணி வரை பெட்ரோல் பங்க்காரன் குறட்டைதான் விடுவான்.

நாள் வாரியாக எழுதி, வளைவுகளைப் படமும் போட்டு, எட்டுத் தாள் இணைத்திருக்கிறேன். பத்திரமாக ஓட்டு.

அக்கா பார்லா


விண்டர்தூர்
10 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பாகு வந்தது. வ்ரேனி தேறிவிட்டாள், பிள்ளைகள் மீதியை நக்கியே தீர்த்துவிட்டார்கள். நேசாவுக்கு நன்றி சொல்.

உன் எட்டுத் தாளையும் சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல் படித்தேன். இதைச் செய்ய ஐரோப்பாவில் வேறு ஆள் இல்லை என்று நண்பர்கள் சத்தியம் பண்ணுகிறார்கள். சில சந்தேகங்கள். ஒவ்வொரு ஊரிலும் பதினாலு கட்டிலாவது உள்ள விடுதி எது? முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டி நிறுத்த இடம் இருக்குமா? மழை பெய்தால் மாற்று வழி உண்டா?

இன்னொன்று. நம் ஊர்ச் சாலையையே விட்டுவிட்டாயே! பாலத்தில் தொடங்கி ஊருக்குள் புகுந்து தெர்னாக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் அந்த வழி போல உலகத்தில் உண்டா? நான் பிறந்த ஊரை நண்பர்களுக்குக் காட்ட வேண்டாமா? அதையும் எழுது அக்கா. நீ சொன்னால்தான் சரியாக இருக்கும்.

உன் தம்பி,
குர்தின்


தெர்னா
29 மார்ச் 1987

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே பனி உருகி எங்கு பார்த்தாலும் சேறும் சாணியும். நான் சுகம்.

நாலு பேர் தூங்கப் பதினாலு கட்டில் எதற்கு? ஆளுக்கு மூன்றரையா? உன் நண்பர்கள் என்ன உருண்டு புரண்டா தூங்குவார்கள்? இருந்தாலும் கேட்டதால் எழுதியிருக்கிறேன். தனித் தாளில் இருக்கிறது.

தெர்னாவை வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தச் சாலை ஒரு வண்டி அகலம். ராணுவம் போட்டுவிட்டு மறந்துபோனது. இந்த ஊரில் அறுபத்து மூன்று பேருக்கும் அதை விட்டால் வேறு வாசல் கிடையாது. வேலைக்காக நான் தினமும் அதில் ஏறுகிறேன். முதல் வளைவில் இன்ஜின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும்போது, இந்த உலகத்தில் இன்னும் நாற்றமெடுக்காத ஓரிடம் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். அதை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

நீ தம்பி என்பதால் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. நகல் எடுக்காதே. ஊருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டாம் கியரில், சத்தமில்லாமல் வாருங்கள். மாலை நான்கு மணிக்கு நேசாவின் மாடுகள் பால் கறப்புக்காகச் சாலையைக் கடக்கும். அந்த நேரத்தில் மேலே போகவே போகாதே. தவறிப் போய்விட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நில். நேசா முன்பின் தெரியாதவர்களுக்கு அடுப்பு மூட்ட மாட்டாள். 'பார்லா அனுப்பினாள்' என்று சொல். வீட்டுக்கு வைத்திருக்கிற பார்லி சூப்பை ஊற்றுவாள்.

அக்கா


விண்டர்தூர்
3 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. கோடி நன்றி. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அச்சகத்துக்கும் வீட்டுக்கும் ஓடியே கால் தேய்கிறது. மற்றது நேரில்.

அவசரத்தில்,
குர்தின்


தெர்னா
15 ஜூன் 1987

குர்தினுக்கு,

நான் நலமா என்று கேட்பதற்கு முன்னால் நேற்று நடந்ததைக் கேள்.

நேற்று ஞாயிறு. காலைப் பூசை முடிந்து நேசாவின் விடுதியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே இடி இடித்தது. வானத்தைப் பார்த்தால் மேகமே இல்லை. பதினாலு மோட்டார் சைக்கிள். தோல் உடுப்புப் போட்ட ஒருவன் உள்ளே வந்து, ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சொன்னான்: "பார்லா அனுப்பினாங்க."

நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். நான் நாயைக்கூட எங்கேயும் அனுப்பியதில்லை.

நேசாவோ சந்தோஷமாக, "அடடே, பார்லாவோட ஆளா? உக்காருங்க தம்பி, சூப்பு இருக்கு" என்றாள். அதற்குள் அடுத்தவன் வந்தான். "பார்லா அனுப்பினாங்க." அப்புறம் ஒரு அம்மாள். "பார்லா அனுப்பினாங்க." கோயிலில் அப்பம் வாங்குகிற மாதிரி வரிசையில் நின்று பதினாலு பேரும் சொன்னார்கள். ஒன்பதாவது ஆளிடம் நான் கேட்டேன்:

"எந்த பார்லா?"

"தெரியலையே, ஏதோ பழைய பாட்டியா இருக்கும். புஸ்தகத்துல போட்டிருக்கு. இதைச் சொன்னா சூப்பு தருவாங்களாம்."

எனக்கு வயது நாற்பத்தொன்பது.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'வெள்ளைக் கோடு பயணங்கள், அமைப்பாளர்: குர்தின்.' அமைப்பாளரை மட்டும் கூட்டத்தில் காணோம். உள்ளே என் எட்டுத் தாள். என் கை போட்ட வளைவுகள். தெர்னாவுக்கு மட்டும் இரண்டு பக்கம். நான் 'போகவே போகாதே' என்று எழுதிய நேரத்தை நீ எப்படி அச்சடித்திருக்கிறாய் தெரியுமா? 'மாலை நான்கு மணிக்கு மாடுகள் சாலையைக் கடக்கும் அரிய காட்சி. கேமராவுடன் தயாராக இருங்கள்.'

இருந்தார்கள். பதினாலு பேரும் நான்கு மணிக்கு மேலே போய், இன்ஜினைக்கூட அணைக்காமல், தயாராக இருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு நேசாவின் தண்ணீர்த் தொட்டியில் சிகரெட் துண்டு மிதந்தது. சிற்றாலயத்துக்குப் பின்னால் என்ன கிடந்தது என்று எழுத என் பேனாவுக்கே கூசுகிறது. மண்வெட்டி எடுத்துப்போய் நான்தான் அள்ளினேன். என் பெயரைச் சொல்லி வந்தவர்கள் அல்லவா?

குமட்டுகிறது குர்தின். அவர்களைப் பார்த்து மட்டுமல்ல. உடனே பதில் எழுது.

பார்லா


தெர்னா
19 ஜூலை 1987

குர்தினுக்கு,

ஐந்து வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனால் உன் ஆட்கள் மட்டும் தவறாமல் வருகிறார்கள். புதன், சனி, ஞாயிறு. உன் புத்தகத்தைப் பார்த்துத் தனியாக வருகிறவர்கள் வேறு. பள்ளிக்கூட வாத்தியாரம்மா போன ஞாயிறு ஜன்னலோரம் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வண்டி. "அதுல ஒண்ணு உன்னோடதுதான் பார்லா, நியாயத்துக்கு அதையும் சேத்திருக்கேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் சைலன்சரும் புல்லாங்குழல் வாசிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழன் மாலை நான்கு மணி. மாடுகள் பாதி சாலையைக் கடந்திருந்தன. படம் பிடிக்கக் காத்திருந்தவர்களில் ஒருவன், மாடு தலையைத் திருப்ப வேண்டுமென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். மாடுகள் மிரண்டு சிதறின. பிரூனா, நேசாவின் தலை மாடு, மணி கட்டி மந்தைக்கு முன்னால் நடப்பாளே அவள், தடுப்புக் கல்லைத் தாண்டிக் கீழே பாறையில் விழுந்தாள். முன்னங்கால் இரண்டும் ஒடிந்துபோயிற்று. நான் பால் பரிசோதனைக்கு அங்கேதான் இருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நேரம் அந்தக் கத்தலைக் கேட்க முடியாமல், வேட்டைக்காரர் வீட்டிலிருந்து துப்பாக்கி வாங்கி வந்து நேசாவே சுட்டாள்.

முறுக்கியவன் ஓடிவிடவில்லை. நின்றான். அழுதான். "புஸ்தகத்துல போட்டிருந்துச்சு, அதான்" என்றான். அவனை அறையக் கை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். அந்த நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தது என் கைதானே?

நேசா என்னோடு பேசுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. "நீ என்ன பண்ணுவே, உன் தம்பிக்குத்தானே எழுதுனே" என்கிறாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

ஊர்த் தலைவர் ஜியாக்கன் வீட்டில் ஒரு தாள் சுற்றுகிறது. பாலத்திலிருந்து கணவாய் வரை மோட்டார் சைக்கிளே கூடாது என்று ஊர்ச் சபையில் கேட்கப் போகிறார்கள்.

பார்லா


விண்டர்தூர்
2 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்துவிட்டேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் மாட்டுக்காக. நேசாவுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். என்ன எழுதினாலும் மாடு எழுந்து வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

ஆலையில் எங்கள் பிரிவை ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவனுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார் என்று அர்த்தம் போலிருக்கிறது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சீட்டு விளையாடுகிறீர்களா என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டேன். நண்பர்கள் என்று யாரும் கிடையாது அக்கா. எனக்குத் தெரிந்தது வண்டி ஓட்டுவது. உனக்குத் தெரிந்தது வழி. உன்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய். அதனால் கேட்கவில்லை.

மாடு கடக்கும் நேரத்தை அப்படி எழுதியது அச்சகத்துக்காரன் யோசனை. நான் படித்துப் பார்த்தேன். சரியென்று தலையாட்டினேன். அது என் தப்பு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் தேடி வருவது தெர்னாவுக்காகத்தான். அதை மூடினால் அடுத்த கோடைக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இனி எந்த ஆலை என்னைக் கூப்பிடும்? சபையில் நீ ஒரு வார்த்தை பேசு. ஊரில் வண்டி ஓட்டுகிறவள் நீ ஒருத்திதான். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் தம்பி,
குர்தின்


தெர்னா
6 செப்டம்பர் 1987

குர்தினுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆலை விஷயத்தை அன்றே சொல்லியிருந்தால் ரயிலேறி வந்திருப்பேன். வ்ரேனிக்கு என் அன்பு.

சபை அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை. பேசச் சொன்னாய். பேசுகிறேன்.

பார்லா


விண்டர்தூர்
20 செப்டம்பர் 1987

அன்பிற்கினிய அக்காவுக்கு,

உன் மூன்று வரியை வ்ரேனிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரியும், கடைசியில் நீ என் பக்கம்தான் நிற்பாய்.

ஒரு நல்ல செய்தி. அடுத்த வருடப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் தெர்னாவின் மூன்றாவது வளைவு, பின்னால் பனிமலை. பார்த்தால் அசந்துவிடுவாய். மாட்டு நேரத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக உன்னைப் போடலாமென்று ஒரு யோசனை. 'வழி காட்டிய பார்லாவை நேரில் சந்திக்கலாம்' என்று ஒரு வரி. வாரம் இரண்டு மாலை நீ விடுதியில் வந்து உட்கார்ந்தால் போதும், பழைய கதைகள் ஏதாவது சொல்லலாம். உனக்கும் பொழுது போகும். உன் படமொன்று அனுப்பு, வண்டியோடு நிற்பது.

முட்டியைப் பார்த்துக்கொள்.

குர்தின்


தெர்னா
11 அக்டோபர் 1987

தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் நால்வரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கத்துக்காக அல்ல. அப்படியே நினைத்துத்தான் எழுதுகிறேன்.

படம் அனுப்பவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவினேன். பதினெட்டு வருட வேலையில் எத்தனையோ அழுகல் பாலை மோந்திருக்கிறேன், எதற்கும் அப்படிக் கழுவியதில்லை.

சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள். இந்த ஊரில் பெண்கள் சபையில் கை தூக்க ஆரம்பித்து நாலு வருடம்தான் ஆகிறது, அதனால் ஒருத்தியும் தவறவிடுவதில்லை. ஜியாக்கன் தாளைப் படித்தார். பாலத்திலிருந்து கணவாய் வரை மோட்டார் சைக்கிள் வரக் கூடாது, உள்ளூர்க்காரர்கள் நீங்கலாக. மேலிடத்து ஒப்புதல் முன்பே வாங்கிவிட்டார்கள். கடைசியில் இருந்த அந்த 'நீங்கலாக' எனக்காகப் போட்டது. என்னை விட்டால் ஊரில் வேறு யாரிடமும் வண்டி கிடையாது.

நான் எழுந்தேன். "அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க" என்றேன்.

தச்சர் துமாஷ் சிரித்தார். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? அப்ப நீ பண்ணைக்கு எப்படிப் போவே? பறந்தா?"

"நடந்து போறேன். இல்லைன்னா ஜியாக்கன் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டா? உன்னை யாரு வரக் கூடாதுன்னா? இது உனக்காகப் போட்டது."

"அதுக்காகத்தான் சொல்றேன். இத்தனை பேரை இங்க அனுப்புனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான்தான். என் கையெழுத்துதான். எனக்குன்னு ஒரு சந்து விட்டீங்கன்னா, அடுத்த வருஷம் என் தம்பி என் பேரைச் சொல்லிக்கிட்டு அதே சந்துல வருவான். நாலு வண்டிய என் பேருல வாங்கி நிறுத்துவான். அவனை எனக்குத் தெரியும்."

நேசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை அடித்துவிட்டு, யார் யாருக்குச் சம்மதம் என்று ஜியாக்கன் கேட்டார். நாற்பத்து நாலு கை மேலே. ஒன்பது பேர் தூக்கவில்லை. எனக்காக மனசு கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நேசாவும் ஒருத்தி. முதலில் போன கை என்னுடையது. இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். செப்டம்பரிலேயே முடிவு செய்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது நம் குடும்ப வழக்கம் போலிருக்கிறது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை வண்டியை வெளியே எடுத்தேன். தடை திங்கள் முதல்தான். ஓட்டியிருக்கலாம். இன்ஜினைத் தொடவில்லை. ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டேன். ஒன்பது கிலோமீட்டர், பாலம் வரை, இறக்கத்தில் அதுவாகவே உருண்டது. சாலையின் இடப் பக்கம் வழி முழுக்க ஓர் ஓடை ஓடுகிறது குர்தின். இத்தனை வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. பாலத்தடியில் மரவாடிக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு நடந்து ஏறினேன். மூன்று மணி நேரம். முட்டி இன்றைக்கும் வீங்கியிருக்கிறது. வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து அழுதேன், உன்னைத் திட்டிக்கொண்டும், என்னைத் திட்டிக்கொண்டும்.

அடுத்த கோடைக்கு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு பள்ளத்தாக்கு ஏதாவது சொல் என்று கேட்டு எழுதுவாய். எனக்குப் பத்து இடம் தெரியும். ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன். மேப்புகளை அடுப்பில் போட்டுவிட்டேன், கேட்டுப் பிரயோஜனமில்லை. கூர் நகரத்து இயந்திரக் கடைக்காரர் பால் இயந்திரம் பழுது பார்க்க ஆள் தேடுகிறார். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

நவம்பர் பதினாலாம் தேதி நேசா பன்றி அடிக்கிறாள். வ்ரேனியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. வந்து அவள் முகத்தைப் பார். கடிதத்தில் வருத்தம் சொன்னாயாம், பணமும் வைத்திருந்தாயாம். கடிதத்தைப் பிரித்த பிறகு அவள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

வழி கேட்பாய். இதுதான் உனக்கு நான் போட்டுத் தரும் கடைசி வழி. காரில் வா. விண்டர்தூரில் விரைவுச்சாலையில் ஏறு. செயின்ட் கேலன் வரை இறங்காதே. அங்கிருந்து ரைன் பள்ளத்தாக்கில் தெற்கே திரும்பு, அதுவும் விரைவுச்சாலைதான், அதிலேயே இரு. கூர் வந்ததும் இறங்கி, ரயில் நிலையத்தில் காரை விட்டுவிட்டு மஞ்சள் தபால் பேருந்தில் ஏறு. ஓட்டுநரிடம் தெர்னா என்று சொன்னால் போதும். எங்கும் வளைய வேண்டியதில்லை, வழியில் நின்று பார்க்கவும் ஒன்றும் கிடையாது. நேராக வந்து சேர்.

அக்கா
பார்லா